ஓரிக்கைப் படகில் ஒழுகிய இடம்

கண்ணாடி இழைப் படகு செய்யும் தொழிலில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எந்த ரெசின் பசை நல்லது, எந்த மேட் துணி நல்லது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அதையெல்லாம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறான். டப்பாவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1. கேரண்டியில் போன முதல் வேலை

எழுபதுகளின் நடுவில் மெட்ராஸில் ஒரு சின்னப் படகுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். இரண்டு வருடம் மோல்டிங்கில், அச்சில் துணி போட்டு ரோலர் தேய்த்து, உடம்பெல்லாம் கண்ணாடித் தூள் அரித்து, அப்புறம்தான் சர்வீஸ் மெக்கானிக் ஆனேன். ஆகி மூன்று மாதம். தோளில் ஒரு பை, அதில் சுத்தியல், உளி, ரெசின் டப்பா, ரிப்போர்ட் புத்தகம். அந்தப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் எனக்கு நானே பெரிய ஆளாகத் தெரிவேன்.

அப்போது காஞ்சிபுரத்து அரசாங்க ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாலாற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் அக்கரைக் கிராமத்து ஜனங்களை ஏற்றி இறக்குவதற்காக எங்களிடம் வாங்கிய படகு ஒழுகுகிறது, ஓரிக்கைக் கரையில் நிற்கிறது, கேரண்டியில் சரிசெய்து தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். காஞ்சிபுரம் என் ஊர். எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. லாட்ஜ் செலவு மிச்சம் என்று மேனேஜர் என்னைப் பிடித்தார்.

"பாருப்பா, வாங்கி எட்டு மாசம்தான் ஆவுது. கேரண்டி இருக்குது. ஆனா எங்கனா பாறையில மோதியிருப்பானுங்க. நல்லாப் பாத்து எழுதிக்கினு வா" என்றார்.

பாலாற்றில் மோதுவதற்கு மணலைத் தவிர என்ன இருக்கிறது? தெரிந்தும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

2. கருகிய இடம்

ஆற்றங்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் படகைத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்த ஆபீஸ் ஓவர்சியர் எனக்கு முன்னாலேயே வந்து குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், காக்கிச் சட்டையில், தலை குனிந்து நின்றார். படகு ஓட்டும் கன்னியப்பன்.

நான் பையை இறக்குவதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நான்தான் சார் பண்ணிட்டேன். ஆயுத பூஜைக்கு படகுக்குள்ள கற்பூரம் ஏத்தனேன். தட்டு எடுத்தார மறந்துட்டு அப்படியே தரை மேல வச்சிட்டேன்."

முன்பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப்போயிருந்தது. நெருப்பால் வரும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று கேரண்டி அட்டையில் முதல் வரியே இருக்கிறது.

"அவனே எழுதிக் குடுத்துட்டான்" என்றார் ஓவர்சியர். "அஞ்சு வருசமா தினக்கூலி. வர்ற மாசம் பர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு இருந்துச்சு. இனிமே எங்க? ஆளையே நிறுத்தச் சொல்றாங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா நான் மேல அனுப்பிடுவேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை பாதி நாளில் முடிந்தது, மத்தியானம் வீட்டுச் சாப்பாடு என்று கணக்குப் போட்டேன். ஓவர்சியர் போனதும் கன்னியப்பனிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டேன், எப்போது ஒழுக ஆரம்பித்தது என்று.

"பூஜை முடிஞ்சி ரெண்டாம் நாளு ஆத்துல தண்ணி வந்துச்சு சார். படகு வாங்கனதுக்கு அப்புறம் அதான் மொத தண்ணி. அக்கரையிலேர்ந்து முனியம்மா கொழந்தையோட வந்துது. ஒரு வயசுக் கொழந்தை, நெருப்பா கொதிக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். நடு ஆத்துல பாத்தா கணுக்கால் தண்ணி. அது கொழந்தையத் தலைக்கு மேல தூக்கிக்கினு நிக்குது. நான் ஒரு கையில கழிய ஊனிக்கினு ஒரு கையில தண்ணிய மொண்டு ஊத்தறேன். எப்படி கரை ஏறனோம்னே தெரியல." கருகிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்தார். "வேலை போனா கழனி வேலைக்குப் போவேன் சார். ஆனா அன்னிலேர்ந்து சோறு எறங்கல. கற்பூரத்த ஒரு தட்டுல வச்சிருக்கலாமே."

3. விபூதி

கேரண்டி இல்லையென்றாலும் காசு வாங்கிக்கொண்டு படகைச் சரிசெய்ய வேண்டியவன் நான்தான்; அதற்கு முதலில் ஒழுகும் இடத்தை உறுதி செய்யவேண்டும். படகை இரண்டு கட்டை மேல் தூக்கி வைத்து, உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஈரம் கசிந்தால் தூள் கறுக்கும். பெரிய மெக்கானிக் சாக்பீஸ் கொண்டுவர மறந்துவிட்டேன். கன்னியப்பன் மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். படகுக்கு அடிவயிறு முழுவதும் பட்டை பட்டையாகப் பூசினோம். சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அவர் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். கருகிய இடத்துக்கு நேர் கீழே விபூதி வெள்ளையாக, காய்ந்தே இருந்தது. அங்கிருந்து நான்கு முழம் தள்ளி, நடுவில் கீல் என்கிற அடிமுதுகு வளையும் மூலையில், ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்தது.

உளியால் தட்டினேன். பொத்தென்று சத்தம். மேல் பூச்சைப் பெயர்த்தால் உள்ளே கண்ணாடித் துணி வெள்ளை வெளேரென்று, ரெசின் படாமல், தனித்தனி இழையாகக் கையோடு வந்தது. தறியில் கஞ்சி ஏறாத பாவு நூல் மாதிரி இருந்தது. கற்பூரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது பட்டறையில் நடந்த தவறு.

படகின் நம்பர் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். பதினேழு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினேழாம் நம்பருக்குக் கீல் போட்டவன் நான். மறுநாள் என் சித்தப்பா மகள் கல்யாணம், அன்று சாயங்காலமே பஸ் பிடிக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை அளவுக்கு மேல் ஊற்றினேன். மூலைக்கு ரோலர் போவதற்குள் ரெசின் இறுகிவிட்டது. துணியைக் கையால் அழுத்தி, மேலே ஒரு பூச்சுப் பூசி மூடிவிட்டு ஓடினேன். கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

"என்னா சார், மயக்கமா? கூழ் இருக்குது, குடிக்கிறீங்களா?" என்று கன்னியப்பன் தூக்குச் சட்டியைத் திறந்தார்.

"கற்பூரத்தால இல்ல கன்னியப்பா. இது கம்பெனி தப்பு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கறுத்த விபூதியைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளை விபூதியையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். நான் கூழைக் குடித்தேன். கம்பெனி என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு நான் என்று சொல்ல வரவில்லை.

4. அக்கரை

இரண்டு நாள் நல்ல வெயில். பழுதைச் செதுக்கி எடுத்து, காயவைத்து, மூன்று அடுக்கு துணி போட்டேன். கருகிய இடத்தையும் சேர்த்தே சரிசெய்தேன். மூன்றாம் நாள் காலை படகைத் தண்ணீரில் விட்டோம். ரிப்போர்ட்டில் எல்லாம் எழுதியாயிற்று. காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன்.

அக்கரை போய்த் திரும்பினால்தான் சோதனை முடிந்ததாக அர்த்தம். போகும்போது சொட்டுக்கூட வரவில்லை. அக்கரையில் ஒரு பெண் குழந்தையோடு நின்றாள். யாரென்று கன்னியப்பன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மறுபடி காட்ட வரச்சொல்லியிருந்தார்களாம். ஏறுவதற்கு அவளுக்குப் பயம். ஒரு காலைப் படகில் வைத்துவிட்டு மறு காலை எடுக்காமல் நின்றாள்.

"வா முனியம்மா. மெட்ராசுலேர்ந்து சாரு வந்து சரி பண்ணிட்டாரு. அவருகிட்ட குடு கொழந்தைய."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். எடை கம்மியான குழந்தை. ஜுரத்தில் இளைத்தது. என் சட்டைப் பித்தானை வாயில் வைத்துக்கொண்டு சப்பியது. நடு ஆற்றுக்கு வந்ததும் அவள் தரையையே பார்த்தாள். நானும் தரையையே பார்த்தேன். இருவரும் பார்த்தது ஒரே சாண் இடத்தை.

எனக்குத் தாங்கவில்லை.

"இந்த எடத்துல மொதல்ல துணி போட்டவன் நான்தாம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு சரியாப் போடாம மூடிட்டுப் போயிட்டேன். உன் கொழந்தைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா என்னாலதான் ஆகியிருக்கும்."

கழி ஊன்றுவது நின்றுவிட்டது. படகு கொஞ்ச தூரம் தானாகவே போயிற்று. கன்னியப்பன் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். எவ்வளவு திட்டினாலும் தகும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"இதக் கண்டுபுடிச்ச அன்னிக்கே கருகன எடத்தக் காட்டிட்டுப் போயிருக்கலாமே சார் நீங்க. நான்தான் ஒத்துக்கினேனே."

முனியம்மா கை நீட்டினாள். குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று நானும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. விலகியிருந்த துணியை இழுத்துக் குழந்தையின் காதை மூடிவிட்டாள்.

"காத்து அடிக்குது. நல்லாப் புடிச்சிக்கோ அண்ணா" என்றாள்.

கரை வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் காலிக் கட்டத்தை நிரப்பி, லேமினேட் செய்தவன், அதாவது துணி போட்டவன், என்ற இடத்தில் என் பெயரையும் எழுதி, ஒரு காப்பியை ஓவர்சியரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, கன்னியப்பன் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஃபைலிலிருந்து உருவி, எழுதியவர் கையிலேயே கொடுத்தார்.

மெட்ராஸில் மேனேஜர் அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மேஜை மேல் போட்டார். "உன் பேர எழுதச் சொல்லி யாருய்யா கேட்டா?" என்றார். அப்புறம் பையை வாங்கி வைத்துக்கொண்டு என்னை மோல்டிங்குக்கே திருப்பி அனுப்பினார். ஒன்றரை வருடம் மறுபடி ரோலர். கோபம் இருந்தது, வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் கீல் மூலைக்குத் துணி வைக்கும்போதெல்லாம் என் கை தானாகவே நிதானித்தது. பிள்ளைகளே, படகு செய்கிறவனுக்கு அதில் ஏறப்போகிறவர்களின் முகம் தெரியாது. எனக்கு ஒரே ஒரு முகம் தெரியும். மனசுக்குள் அந்தக் குழந்தைக்குக் காதை மூடி, மடியில் வைத்துக்கொண்டுதான் மீதி வேலை முழுவதையும் செய்தேன்.