ஆயுத பூஜையில் படுத்த சர்வர்

ஏற்கெனவே நிறுவியாகிவிட்ட ஒன்றை எந்த இடத்தில் நிறுவினார்கள் என்று தேடுவதற்கே ஆயுளில் பாதி போகும் தொழில் எங்களுடையது. இதே பிழைப்பில் இருப்பவர்கள் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாங்கள் போட்டுத் தரும் வெப் சர்வர் ஜாவாவை நம்பி ஓடுவது. எழுந்திருக்கும்போதே ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்க்கும். அந்த விலாசத்தை விண்டோஸில் ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு என்வைரன்மென்ட் வேரியபிள் என்று பெயர். பெயரைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம், அது ஒரு வரி விலாசம்தான். விலாசம் தப்பினால் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து, நாம் படிப்பதற்குள் மூடிக்கொள்ளும்.

ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். அங்கிருந்து மலேசியாவின் இந்த ஜொகூர் மாநிலம் முழுக்க நான்தான் காரோட்டிக்கொண்டு போவேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே திரும்பி வருவேன். சிம்பாங் ரெங்கத்தில் மட்டும் ஓர் அக்காவின் நாற்காலியே ஆடிப்போனது.

படகேறிய ஜாவா

மெர்சிங் படகுத்துறையில் டிக்கெட் கடை வைத்திருக்கும் அந்தோணி அங்கிள் அடிக்கடி போன் பண்ணி, சர்வர் எழவில்லை என்பார். போய்ப் பார்த்தால் ஜாவாவையே காணோம். டிரைவ் டிரைவாகத் துழாவினேன். விலாசத்தில் எழுதியிருந்த டிரைவ் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இல்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. யாரோ உறவுக்காரர் ஜாவாவை ஒரு பென்டிரைவில் போட்டு, அதையே விலாசமாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தீவுக்குப் போகும் நாளெல்லாம் அங்கிள் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படகேறிவிடுவார். ஏன் அங்கிள் என்று கேட்டேன். "எல்லாம் அதுலதான் இருக்குன்னு சொன்னாங்கம்மா. முக்கியமான சாமான், கடையில போட்டுட்டுப் போக முடியுமா?"

லோரிக்கு உண்டு, சர்வருக்கு இல்லையா?

சிம்பாங் ரெங்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி கம்பெனி ஒன்று. முதலாளி சீனர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். இங்கே முதலாளியைக் கூப்பிடுகிற வழக்கப்படி, எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். மேனேஜர் சிவபாலன், அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்று வந்தவர். சர்வர் என்று பெயர்தான் பெரிது, அவர் மேஜைக்கடியில் கிடந்த கம்ப்யூட்டர்தான் அது. அதிலேயே அவர் தன் வேலையையும் பார்ப்பார். முன்னறையில் இருக்கும் லெட்சுமி அக்கா தன் கம்ப்யூட்டரிலிருந்து அதற்குள் போய், எந்த லோரி எந்தத் தோட்டத்துக்கு என்று போடுவார்.

ஆயுத பூஜைக்கு லோரிகளுக்கெல்லாம் சந்தனம் பூசி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சர்வரை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று தவுக்கே கேட்டிருக்கிறார். அன்று கருவிகளுக்கு ஓய்வு கொடுப்பதுதான் முறை. அக்காவும் சர்வரை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு மாலையும் போட்டார். மறுநாள் காலையில் கறுப்பு ஜன்னல் மட்டும் வந்து வந்து போனது. லோரிகள் வாசலில் வரிசையாக நின்றன.

நான் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் தீர்ப்பே சொல்லிவிட்டார். சந்தனம் உள்ளே இறங்கிவிட்டதாம், அதனால் அக்கா திங்கட்கிழமையிலிருந்து எடைமேடைக்குப் போக வேண்டுமாம். நாள் முழுக்க லோரித் தூசி பறக்கும் கொட்டகை அது. அக்காவுக்கோ ஆஸ்துமா. எனக்குக் கோபம் வந்தது. பூஜை போடச் சொன்னது தவுக்கேதான் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, தவுக்கேவுக்கும் வரவில்லை. சிவபாலன் மட்டும் தெளிவாக இருந்தார். "மிஷினுக்கு சாமி கும்பிட்டா மிஷின் சாமிகிட்டயே போயிரும், மிஸ்."

பழசை வைத்துக்கொள்ளாதவர்

பெட்டியைத் திறந்தேன். சந்தனம் வெளித்தகட்டோடு நின்றிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் தூசியும் பல்லி முட்டையும்தான். பிறகு வழக்கமான தேடல். விலாசத்தில் எழுதியிருந்த ஃபோல்டரைக் காணோம். பக்கத்தில் புதுப் பதிப்பு எண்ணோடு வேறொரு ஜாவா ஃபோல்டர் இருந்தது, அதுவும் பூஜைக்கு முந்தின வாரமே வந்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் விலாசத்தைத் திரும்பப் பார்ப்பதில்லை. அணைத்து மறுபடி போட்டபோதுதான் பழைய இடத்துக்குப் போய், அங்கே ஜாவா இல்லாமல் படுத்துவிட்டது. கரண்ட் போயிருந்தாலும் இதே கதிதான்.

தவுக்கே கதவருகில் நின்றிருந்தார், அக்கா அவருக்குப் பின்னால். போன வாரம் திரையில் ஏதாவது வந்து கேட்டதா என்று நான் யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டேன். சிவபாலனின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் எதையும் ஒழுங்காகச் செய்வது தான் ஒருவர்தான் என்று காட்ட அவருக்கு ஒரு சந்தர்ப்பம். "கேட்டுச்சே. புது ஜாவா போடவா, பழசை எடுத்துரவான்னு கேட்டுச்சு. ரெண்டுக்கும் யெஸ் போட்டேன். நான் பழசு எதையும் வெச்சுக்கிறதில்ல, மிஸ்."

திங்கட்கிழமை யார் எங்கே

புது ஃபோல்டரின் விலாசத்தை எழுதி, சர்வரைத் தொடங்கினேன். கறுப்பு ஜன்னல் திறந்து, மூடாமல் நின்றது. பழைய ஜாவாவை எடுத்ததால்தான் படுத்தது, பூஜைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். சிவபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அது. எடைமேடைப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வெளியாளான நான் எடுப்பதும் முறையில்லை. கடைசியில் அக்காவே கேட்டுவிட்டார்.

"தவுக்கே, அப்ப திங்கக்கிழமை நான் எங்க உட்காரணும்?"

தவுக்கே அக்காவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், மேஜைக்கடியில் மாலையோடு இருந்த சர்வரையும் குனிந்து பார்த்தார். "அலமாக், நீ உன் இடத்துலயே இரு லா. யாராச்சும் இடம் மாறணும்னா இந்தப் பெட்டி மாறட்டும், தூக்கி உன் மேஜைக்கடியில வெச்சுக்க."

தொலைந்த ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். தொலைத்தவர் மேனேஜராக இருக்கும்போது அதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் இந்தத் தொழிலில் வித்தை.