உம்மா கழுவிக் காயவைத்த குப்பிகள்

1984ஆம் ஆண்டு, நோன்பு தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது கல்முனையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீடு என்றால் பாதி வீடு, பாதி ஐஸ்பழக் கம்பனி. முன்பக்க அறையில் வாப்பா குச்சியில் உறையவைத்த ஐஸ்பழம் செய்து விற்றார். ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம் போன்ற பெரிய ஐஸ் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. எல்லாம் அந்தப் பெட்டியால் வந்ததுதான்.

அதற்கு முந்திய மாரி மழைக்காலத்தில் சாகாமம் பக்கம் மலேரியா ஆள் பார்க்காமல் எல்லோரையும் பிடித்து ஆட்டியது. வாப்பாவுக்கு அங்கே வயல் இருந்தது. அவரும் போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடந்தார். அப்போதுதான் கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கென்று ஒரு தமிழ்ப் பெண் வந்து சேர்ந்தார். நாங்கள் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம். மெலிந்த உடம்பு, ஆனால் சளைக்காத கால். உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏறி, வயல் குடிசைகளான வாடி வாடியாகப் போய்க் காய்ச்சல்காரரிடம் இரத்தம் எடுப்பார். வாப்பாவின் கையிலும் எடுத்தார். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்.

நான் அப்போது உயர்தர வகுப்பில் கலைப் பிரிவு படித்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் என்றால் ஓட்டம்தான். அப்படிப்பட்ட எனக்கே விளங்கும்படி ஒருநாள் சொன்னார். மலேரியாக் கிருமிக்கும் டி.என்.ஏ. என்று ஒன்று உண்டாம். நீண்ட நூல் போன்றதாம். என்சைம் என்பது கத்தரிக்கோலாம். கண்ட இடத்தில் வெட்டாது, தனக்குரிய இடம் பார்த்துத்தான் வெட்டுமாம். துண்டுகளை வைத்து இந்தக் கிருமியும் அந்தக் கிருமியும் ஒன்றா வேறா என்று கண்டுபிடிக்கலாமாம். எங்கள் பக்கம் மலேரியா மாத்திரைக் குளிசை குடித்தும் சிலருக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. திரும்பி வந்தது பழைய கிருமியேதானா, புதிதாக நுளம்பு கடித்துக் கொண்டுவந்ததா என்பதுதான் அவருடைய கேள்வி. அதனால் முதல் காய்ச்சலிலும் இரத்தம் எடுப்பார், திரும்பிய காய்ச்சலிலும் எடுப்பார்.

நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில் "வேலை முடிஞ்சுது, போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனார். முடிந்தது என்றால் முடிந்தது என்றுதான் நானும் உம்மாவும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கம் நோன்பு வருகிறதென்றால் வீடு கழுவல் பெரிய சடங்கு. பாய், தலையணை, ஏனம், சுவர் ஒன்றும் தப்பாது. உம்மா சும்மா நாளிலேயே கழுவும் பேர்வழி. அவர் கழுவாமல் விட்டது வாப்பாவை மட்டும்தான் என்று அவருடைய தங்கைமாரான சாச்சிமார் பகிடி பண்ணுவார்கள். நோன்பு துறக்கிற சர்பத்துக்கு ஐஸ் வாங்க ஊரே எங்கள் வாசலில் நிற்கும் என்பதால், அந்தக் கிழமை ஐஸ் பெட்டியையும் கழுவ இறங்கிவிட்டார். வாப்பா வயலில் நின்றார்.

பெட்டியின் அடியில், ஒரு மூலையில், சாக்குத் துண்டில் சுற்றிய பிஸ்கட் தகரம் ஒன்று இருந்தது. உம்மா திறந்தார். உள்ளே மூடி போட்ட சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் கறுத்து உறைந்த இரத்தம்.

"அல்லாஹ்! மனிசர் வாயில வெக்கிற சாமானுக்க நஜீஸக் கொண்டு வெச்சிரிக்கே!" மார்க்கத்தில் இரத்தம் தீண்டக்கூடாத அசுத்தம்; உம்மா தகரத்தைத் தூர நகர்த்திவைத்தார்.

"மிஸ்ஸுட சாமான் போல உம்மா," என்றேன்.

"அந்தப் புள்ள வேல முடிஞ்செண்டு போயிட்டாளே. ஒங்க வாப்பாதான் மறந்து போட்டிருப்பார். மாசக்கணக்கா கெடந்த ரத்தம் ஆருக்கு என்னத்துக்கு?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. மலேரியா ஒழிப்பு ஆட்கள் வந்தால் விரலில் குத்தி ஒரு துளி எடுப்பார்கள், பார்ப்பார்கள், குளிசை தருவார்கள். அத்தோடு சரி. பார்த்து முடித்த இரத்தத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

இரத்தத்தை உருகவைத்துக் கிணற்றடிக்கு அப்பால் குழி தோண்டித் தாட்டோம். நல்ல குப்பிகளை வீசுவானேன் என்று உம்மா அவற்றைச் சுடுதண்ணீரில் போட்டார். ஈர்க்கில் நுனியில் சீலை சுற்றி நான்தான் ஒவ்வொன்றாக உள்ளே விட்டுத் துடைத்தேன். ஒட்டியிருந்த பெயர்த் துண்டுகளையும் சுரண்டி எடுத்தேன். பளபளவென்று வரிசையாகக் காயவைத்தபோது ஒரு பெருமைகூட வந்தது.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு ஜீப் நின்றது. மிஸ் பெரிய குளிர்ப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினார். இரத்தத்தைக் குளிராகவே கொழும்புக்குக் கொண்டுபோக இத்தனை நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்த வாகனம் அப்போதுதான் கிடைத்திருக்கிறது. நேரே ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ் கட்டிகள் மட்டும் இருந்தன.

உம்மா அடுக்களையிலிருந்து தகரத்தோடு ஓடி வந்தார். "வாங்க புள்ள! ஒங்கட குப்பியெல்லாம் கழுவிக் காய வெச்சிரிக்கன். பழைய ரத்தம் கெடந்திச்சி, மண்ணுக்க தாட்டுட்டம். பாருங்க, புதுசு போல இரிக்கி."

மிஸ் தகரத்துக்குள் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்ததை நான் கண்டேன். உம்மா காணவில்லை. ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெல்ல வைத்தார்.

"நல்லாக் கழுவியிருக்கிறீங்கம்மா. உங்களுக்குத்தான் வீண் கரைச்சல்," என்றார்.

உம்மா ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். உம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். நான் குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்வரை போனேன். ஜீப்பின் மறுபக்கம் போனதும் மிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் குளிர்ப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

"மிஸ், திரும்ப எடுக்கேலாதா?"

"ஆக்கள் இருக்கினம் தங்கச்சி. அந்தக் காய்ச்சல் போயிட்டுது. அதை நான் எங்க போய்த் தேடுறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க. அவங்க எனக்கு நல்லதுதான் செய்தாங்க."

வாப்பா வந்ததும் அவரிடம் மட்டும் சொன்னேன். அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். இரத்தத்தை உறைய வைக்க ஆஸ்பத்திரியில் வசதியில்லை என்று சொல்லி மிஸ் இடம் கேட்டதும், இவர் யோசிக்காமல் இடம் கொடுத்திருக்கிறார். "ரத்தமெண்டு சொன்னா ஒங்க உம்மா அந்தப் பெட்டியையே வெளிய தூக்கிப் போட்டிருப்பா. அதாலதான் வாயத் திறக்கல்ல," என்றார்.

அடுத்த மாரிக்கு வருவேன் என்று மிஸ் சொல்லியிருந்தார். அடுத்த மாரியில் வரவில்லை. அதன் பிறகு யுத்தத்தால் நாட்டு நிலைமை இன்னும் கெட்டது, பாதைகள் மூடுவதும் திறப்பதுமாகக் கிடந்தன, வெளியூர்க்காரர் எங்கள் பக்கம் தலைகாட்டுவது நின்றுபோனது. அவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா, ஆராய்ச்சியை முடித்தாரா, கைவிட்டாரா, ஒன்றும் தெரியாது. தேடிப் பார்க்க அவருடைய முழுப்பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை.

நோன்பு வரும்போதெல்லாம் உம்மா கேட்பார்: "என்ன மரியாதையான புள்ள! ஏன் பிறகு வரவே இல்ல?" வேலையாக்கும் என்று சொல்லிச் சமாளிப்பேன். மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை உம்மா அந்தப் பெண்ணுக்கு ஓர் உதவி செய்ததாகவே நினைத்திருந்தார். மிஸ் என்றாவது எதிரே வந்தால், நாங்கள் கெடுத்த உழைப்புக்காக மன்னிப்புக் கேட்பதா, என் உம்மாவின் மனதைக் கெடுக்காமல் போனதற்காக நன்றி சொல்வதா, எதை முதலில் சொல்வேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.