வண்டியை விட்டு இறங்காதவர்

நகரத்தின் பழைய கட்டடங்களையும் அருங்காட்சியகங்களையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் பேருந்துக்கு அவர்தான் ஓட்டுநர். பகலெல்லாம் வண்டி ஓட்டுவார்; மாலையில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கதை அளப்பார். கோட்டைச் சுவர் ஆறு ஆள் அகலம். அரண்மனைக் கட்டிலின் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். சிம்மாசனத்தில் ஏற மூன்று படி. மனைவி கரண்டியும் கையுமாக, பரிமாறுவதையே மறந்து, வாயைப் பிளந்து கேட்பாள்.

உண்மையைச் சொன்னால், பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு கட்டடத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. பயணிகளின் பைகள் இருக்கும்போது வண்டியில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். மைக்கில் கைடு சொல்வதைக் காதில் வாங்கி, அதற்குக் கண் மூக்கு வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். இதில் பெரிய பாவம் ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

ஊழியர் குடும்பத்துக்கு ஒரு இலவசப் பயணம் என்று கம்பெனி அறிவித்ததும் வந்தது வினை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி லீவு போட்டுவிட்டு, டிக்கெட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் மஞ்சள் ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, முதல் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தாள். "நான்தான் எல்லாம் பாத்தவனாச்சே, நீ போய்ப் பாத்துட்டு வா" என்று சமாளித்துவிடலாம் என அவர் நினைத்திருந்தார்.

கோட்டை வாசலில் கைடு மைக்கைப் பிடித்தாள். தினமும் சொல்வதுதான், கேட்டுக் கேட்டு அவருக்குக் காதே மரத்துப்போயிருந்தது.

"பையெல்லாம் சீட்லயே இருக்கட்டும். நம்ம டிரைவர் அண்ணன் பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள்கூட வண்டிய விட்டு நகர்ந்ததில்ல. இந்தக் கட்டடமெல்லாம் உள்ள எப்படி இருக்கும்னே அவருக்குத் தெரியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அவளும் தட்டினாள், கொஞ்சம் மெதுவாக.

கோட்டைக்குப் போனாள், வந்தாள். பழைய நீதிமன்றத்துக்குப் போனாள், வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கம் திரும்பாமலே ஏறி உட்கார்ந்தாள். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம், இனி எதைச் சொன்னாலும் அவள் வாயைப் பிளக்க மாட்டாளே என்பதுதான் துக்கம். வீட்டில் அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

கடைசியாக அரண்மனை. எல்லோரும் உள்ளே போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

"ஏன் வந்துட்ட? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே."

"பாத்தாச்சு. சிம்மாசனத்துக்கு ஒரு படிதான் இருக்கு."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணுனு காதுல விழுந்த மாதிரி இருந்துச்சு."

"கட்டில்ல முகம் தெரியல. தூசிதான் தெரியுது."

சொல்லிக்கொண்டே மஞ்சள் ஸ்டிக்கரை உரித்தாள். அதை அவர் சட்டைப்பை மேல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. பைய நான் பாத்துக்கறேன்."

"கம்பெனி சட்டம்..."

"வண்டியில ஆள் இருக்கணும், அவ்வளவுதானே? நான் ஆளில்லையா?"

அவர் இறங்கினார். பத்தடி நடந்ததும் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, சாயங்காலம் எப்பவும் போல உக்காந்து சொல்லுங்க. மூணு படினே சொல்லுங்க."