அண்ணனுடைய பாதி மூட்டு

என் அண்ணன் ஒரு பொய்யன். என் வலது முழங்கால் மூட்டை முழுசாக மாற்ற வைத்துவிட்டு, தன் மூட்டில் பாதியை மட்டும் மாற்றிக்கொண்டு, அதையும் முழுசு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அவர் திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து போர்வெல் போடுகிறவர். என்னைக் கட்டிக்கொடுத்தது எருமப்பட்டியில். முட்டி தேய்ந்து நான் படியேற முடியாமல் போனபோது, சேலத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் அவர்தான் கூட்டிப்போனார். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். மூட்டின் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, தசைநார்கள் கெட்டியாக இருக்கின்றன, அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். சீக்கிரம் நடக்கலாம், சொந்தக் கால் மாதிரியே இருக்கும். ஆனால் மற்ற பக்கம் பின்னாளில் தேய்ந்தால் இன்னொரு ஆபரேஷன் வரலாம். முழுசாக மாற்றினால் அந்தப் பயம் குறைவு, தேறத்தான் நாளாகும். எது வேண்டும் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

பதில் சொன்னது அண்ணன்.

"இன்ஜினை இறக்கிப் பிரிச்சுட்டு ஒரு சிலிண்டர் லைனரை மட்டுமா மாத்துவமுங்க? ஆறையும் மாத்திட்டுத்தான் ஏத்துவோம். முழுசாவே போட்டுருங்க சாமி."

கால் ஒன்றும் லாரி இல்லை என்றார் டாக்டர். லாரியைவிட உசத்தி என்று சொல்வதாக எடுத்துக்கொண்ட அண்ணன், அப்படியானால் நல்ல கம்பெனி சாமானாகப் போடச் சொன்னார். எங்கள் வீட்டு ஆண்கள் உடம்புக்கும் ஒர்க் ஷாப் கணக்குத்தான் போடுவார்கள். ஒரு பல் ஆடியதற்கு மொத்தப் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்த சித்தப்பா ஒருவர் எங்களுக்கு உண்டு.

முழு மூட்டைக் குறை சொல்ல வரவில்லை. வலி போய்விட்டது, சந்தைக்கு நடக்கிறேன், பஸ் ஏறுகிறேன். ஆனால் காலை மடக்கப் பழகுவதற்குள், பிசியோதெரபிக்கு வந்த பெண்ணை நான் திட்டாத திட்டில்லை. தரையில் உட்காரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். கோயில் பந்தியில் எல்லாரும் கீழே உட்கார்ந்து சாப்பிட, நான் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் மாதிரி.

பிறகு அண்ணனுக்கும் முட்டி போனது. அதே டாக்டர். ஆபரேஷன் முடிந்து வந்து, தனக்கும் முழுசுதான் என்றார் அண்ணன். கொஞ்ச நாளிலேயே ரிக் லாரி மேல் ஏறி நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஆண்களுக்குச் சீக்கிரம் தேறும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் குலதெய்வக் கோயில் குழாயடியில் கால் கழுவ வேட்டியைத் தூக்கினார். தழும்பு என்னுடையதில் பாதிதான் இருந்தது. கேட்டால், டாக்டர் அன்றைக்குச் சிக்கனமாக வெட்டினாராம். அண்ணியைத் தனியாகப் பிடித்தேன். சிரித்துவிட்டார்.

"பாதிதான் அம்மிணி. போர் சீசனுக்குள்ள எந்திரிச்சு நடக்கோணும்னு அவரே கேட்டுப் போட்டுக்கிட்டாரு. உங்கிட்ட மட்டும் சொல்லாதேன்னாரு."

அவருடைய இன்ஜினை இறக்கியபோது மட்டும் ஒரு லைனர் போதுமாக இருந்திருக்கிறது.

இப்போது என் இடது முட்டியும் போய்விட்டது. இதிலும் உள்பக்கம்தான் தேய்மானம், பாதி மாற்றினாலே போதும் என்கிறார் டாக்டர். முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார். இதற்குள் நேற்று அண்ணன் போன் செய்தார்.

"முழுசாவே போட்டுரு அம்மிணி. ரெண்டு காலும் ஒரே செட்டா இருக்கோணுமில்ல."

டயர் மாற்றுகிற நினைப்பு.

இந்த முறை டாக்டருக்கு நான்தான் பதில் சொல்வேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வரவேண்டும். பௌர்ணமி பூசைக்கு மொத்தச் சொந்தமும் கோயிலுக்கு வருகிறது. பந்தி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணா, எல்லார் முன்னாலும் வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்: உங்களுக்குப் பாதி போதுமென்றால், எனக்கு எதற்கு முழுசு?