வதனி படகில் ஏறிய நாள்

மொன்றியலிலிருந்து விடுமுறைக்கு மால்டா வந்திருக்கிறோம். இன்று எட்டுப் பேர் மட்டும் போகும் சிறு படகொன்றில் கொமினோத் தீவுக்குப் புறப்பட்டோம்.

என் மனைவி வதனி ஏற மறுத்தாள். பதினொரு வயதில், மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இருட்டில் அகதியாகக் கடல் கடந்தவள். அதன்பிறகு படகில் கால் வைத்ததே இல்லை.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் கரையிலை நிக்கிறன்."

படகோட்டி ஒரு பெண். நான் விஷயத்தைச் சொன்னதும் வதனியைக் கைபிடித்து ஏற்றித் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "மெதுவாகத்தான் போவேன். நீங்கள் சொன்னால் உடனே திருப்பிவிடுவேன்" என்றாள்.

தீவை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்தினாள். நீலத் தண்ணீருக்கு அடியில், வெள்ளை மணலில் எங்கள் படகின் நிழல் தெரிந்தது.

வதனி விளிம்பைப் பிடித்தபடி கனநேரம் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ, அடி தெரியுது! அண்டைக்கு எனக்குக் கறுப்பு மட்டும்தான் தெரிஞ்சது. கடல் இவ்வளவு வடிவா?"

சற்று நேரத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

இப்போது, மொன்றியலில் எங்கள் வீடு இருக்கும் லாசாலுக்குத் திரும்பியதும் ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டப் பழக வேண்டுமாம், அதுவும் என்னோடு. எனக்கு நீச்சல் தெரியாது. உங்களில் யாராவது எனக்குப் பதிலாகப் போகிறீர்களா?