ஆறிப்போன புண்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு எந்த அளவு குணமாகியிருக்கிறது என்று வீடு தேடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. அப்படித்தான் கோம்பையில் செல்லம்மாளைச் சந்தித்தேன். சர்க்கரை நோயால் அவர் காலில் வந்த புண், தழும்பு மட்டும் விட்டு நன்றாக ஆறியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"இப்ப நிம்மதியாம்மா?" என்று கேட்டேன்.

"புண்ணு இருந்தப்ப, மலையில ஏலத்தோட்டத்துல வேல பாக்குற எம்மக ஞாயித்துக்கெழம தவறாம வந்து கட்டு மாத்துவா. காலத் தூக்கி மடியில வச்சுக்குவா. இப்ப அவளுக்கு இங்கன என்ன சோலி? போன்ல பேசுறா" என்றவர், கொஞ்சம் தயங்கி, "இன்னுங் கொஞ்சம் மெதுவா ஆறியிருக்கலாம் ஆத்தா" என்றார்.

அவர் காலை என் மடியில் எடுத்து வைத்து, அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மதுரைக்குத் திரும்பும் வழியில் ஆண்டிபட்டியில் இறங்கிவிட்டேன். என் அம்மா அங்கே தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும் பதறிப்போனார்.

"என்னடி, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு."

அம்மா நம்பவில்லை. என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்கு நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.