குடை தாழும் நேரம்

ராமானுஜ் என்ன வேலை பார்க்கிறான் என்று சின்ன காஞ்சிபுரத்தில் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. அவன் அம்மா வத்ஸலாவைக் கேட்டால், "கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியே எவ்வளவு செலவாகும்னு சொல்லணும். கட்டி முடிக்கிற வரைக்கும் அதுக்கு மேலே போகாம பார்த்துக்கணும்" என்பாள். "அதை இங்கேயே உட்கார்ந்து சொல்லப்படாதா? நியூசிலாந்து வரைக்கும் போகணுமா?" என்பாள் எதிர் வீட்டு மாமி. நியாயமான கேள்விதான்.

பதில் ராமானுஜிடம் இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் வரைபடத்தைப் பார்த்துக் கம்பி எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்று கணக்கெடுத்தே அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. இவன் கண் எரிய எடுத்த கணக்கை மேலே இருப்பவர் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவார். இவன் வெளியே நின்று கூட்டம் முடியக் காத்திருப்பான். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் எதிரில் தானே உட்கார்ந்து, தானே பேச வேண்டும் என்பது அவனுக்கு வெகுநாள் ஆசை. நியூசிலாந்தில் வெலிங்டன் நகரத்தில் நிலநடுக்கத்துக்குத் தாங்காத பழைய கட்டடங்களைப் பலப்படுத்துகிறார்கள், செலவு பார்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பித்தான். பிள்ளையைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

நேர்காணல் கம்ப்யூட்டரில் நடந்தது. ஹெலன் என்கிற அதிகாரி எல்லாம் கேட்டு முடித்து, "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றாள். உலகத்தில் எவனும் சம்பளத்தைப் பற்றிக் கேட்பான். இவன், "வருஷா வருஷம் மே, ஜூனில் ஒரு வாரம் லீவு வேண்டும்" என்றான்.

"எந்தத் தேதி?"

"அது பஞ்சாங்கம் வந்தால்தான் தெரியும்."

பத்து மாடிக் கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் லீவு என்றைக்கு என்று சொல்லத் தெரியவில்லை. ஹெலன் சிரித்துக்கொண்டே வேலையைக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஒரு வாரம் எதற்கென்று காஞ்சிபுரத்துக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசி உற்சவத்தில் விடியற்காலையில் வரதராஜப் பெருமாள் கருடன் மேல் ஏறிக் கோபுர வாசலுக்கு வருவார். வந்ததும் பெரிய குடைகளைத் தாழ்த்தி அவரை ஒரு கணம் மறைத்துவிடுவார்கள். முன்னொரு காலத்தில் சோளிங்கரிலிருந்து ஒரு பெரியவர் வருஷம் தவறாமல் இந்தக் கருடசேவைக்கு வந்துகொண்டிருந்தாராம். ஒரு வருஷம் உடம்பு முடியாமல் போய், அங்கேயே குளக்கரையில் நின்று அழுதாராம். பெருமாள் அங்கேயே போய்க் காட்சி கொடுத்தாராம். குடை தாழ்ந்திருக்கும் அந்த ஒரு கணம், அவர் சோளிங்கருக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். குடை உயர்ந்ததும் திரும்பி வந்துவிட்டார் என்று ஜனங்கள் குரல் எழுப்புவார்கள்.

காலேஜ் நாளிலிருந்தே ராமானுஜ் குடை பிடிக்கிறவர்களில் ஒருவன். ஊரே பெருமாளைக் காணாமல் நிற்கும்போது, குடைக்கம்போடு பக்கத்தில் நிற்கிற அவனுக்கு மட்டும் பெருமாள் தெரிவார். வீட்டுக்கு வந்து அம்மாவைச் சீண்டுவான். "நான் பக்கத்துலேயே இருந்தேனேம்மா. அவர் எங்கேயும் போகலை. நின்ன இடத்துலேயேதான் நின்னார்."

"கன்னத்துல போட்டுக்கோடா!" என்று வத்ஸலா அலறுவாள். அவனும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வான்.

வெலிங்டனில் குடைக்கு வேலையே இல்லை. போன புதிதில் மழைக்கு ஒரு குடை வாங்கினான். தெருமுனை திரும்புவதற்குள் காற்று அதைப் பிய்த்து எறிந்துவிட்டது. குப்பைத்தொட்டியில் போடப் போனால், அங்கே ஏற்கெனவே இவனைப்போல் ஏமாந்தவர்களின் குடைகள் கிடந்தன. அந்த ஊரில் எல்லோரும் நனைந்துகொண்டே நடந்தார்கள். இவனும் நடந்தான்.

வேலை நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலங்கள்தான் ஓடவில்லை. சுவர்ப்பூச்சுக்கு அளவெடுக்கும்போது கதவும் ஜன்னலும் இருக்கிற இடத்தைக் கழித்துவிடுவார்கள். ஊரில், கோயில் சன்னதித் தெருவில் தான் இருந்த இடத்தையும் இப்படித்தான் கழித்திருப்பார்கள் என்று ஒருநாள் தோன்றியது. இந்த வைகாசிக்குப் போய்விட வேண்டும். குடைக்கம்பைக் கையில் பிடித்து, அந்த ஒரு கணம் அவரைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பஞ்சாங்கம் வந்தது, லீவு கிடைத்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அப்போதுதான் பழைய அஞ்சலகக் கட்டடம் குறுக்கே வந்தது. பலப்படுத்துகிற செலவு ஏறிக்கொண்டே போனதால், மேற்கொண்டு கட்டுவதா இடிப்பதா என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்யக் கூடுகிறார்கள். கூட்டம் கருடசேவை அன்றைக்கே. "கணக்கு முழுக்க உன் கையில் இருக்கிறது. நீ பேசினால் கட்டடம் பிழைக்கும்" என்றாள் ஹெலன். கட்டாயப்படுத்தவில்லை. "நீயே முடிவு செய்" என்றாள். அதுதான் அவனுக்கு வினையாகிவிட்டது. எந்த நாற்காலிக்காகக் கடல் தாண்டினானோ அது எதிரில் வந்து நிற்கிறது. டிக்கெட்டை அவனே ரத்து செய்தான்.

போனில் சொன்னதும் வத்ஸலா, "பரவாயில்லைடா. நான் போன்லே காட்டறேன்" என்றாள்.

அப்பா அழகியமணவாளன், பெருமாளுக்கு முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு போகிற கோஷ்டியில் இருப்பார். அதனால் அம்மாவுக்குத் துணையாகப் பழனியை ஏற்பாடு செய்தான். வத்ஸலா கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ எங்கே போனாலும் அவன் ஆட்டோதான்.

"நான் கூடவே நின்னுக்கினு இருப்பேன் சார். போன் பண்ணதும் கேமராவ சாமி பக்கம் திருப்பி உட்டுர்றேன். நீங்க கவலையே படாதீங்க" என்றான் பழனி.

காஞ்சிபுரத்தில் விடியும் முன் பெருமாள் புறப்படும்போது வெலிங்டனில் பகல் பதினொரு மணி. அதே நேரத்தில் கூட்டம். "நடுவில் போன் வந்தால் நான் எழுந்து போக வேண்டியிருக்கும்" என்று காலையிலேயே ஹெலனிடம் சொல்லிவைத்தான்.

"வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லை. எங்கள் சாமி வாசலுக்கு வருவார்."

அதற்கு மேல் விளக்க அவனுக்கு ஆங்கிலம் போதவில்லை. ஹெலன் சரி என்று தலையாட்டினாள்.

போன் அடித்தபோது அவன்தான் பேசிக்கொண்டிருந்தான். எதிரில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்டார்கள். அவன் இத்தனை வருஷம் ஆசைப்பட்ட காட்சி அப்படியே நடந்துகொண்டிருந்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்தி, "மன்னிக்கணும்" என்று எழுந்து வெளியே ஓடினான்.

நெருப்புப் பிடித்தால் இறங்குகிற படிக்கட்டு ஒன்று அங்கே ஆளில்லாமல் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தான். நாதஸ்வரமும் ஜனங்களின் இரைச்சலும் அந்தச் சுவர்களில் மோதின. திரையில் பெருமாள் இல்லை. அம்மாவின் முகம் முழுசாகத் தெரிந்தது.

கேமரா திரும்பவில்லை. பழனி போனை அமுக்கிக் கையில் கொடுத்த மறுகணமே கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. வத்ஸலா மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொள்ளாமல், போனின் முதுகைப் பெருமாளுக்குக் காட்டி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கேமராவைத் திருப்பும்மா! பெருமாள் தெரியலை!" என்று கத்தினான். அந்தச் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும்?

அவள் போனைப் பார்க்கவே இல்லை. அதற்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தீவட்டி வெளிச்சம் கன்னத்தில் ஏறி ஏறி இறங்கியது. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. ஏர்போர்ட்டில் பார்த்தபோது இவ்வளவு நரை இல்லை. உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. தன் அம்மா பெருமாளைச் சேவிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று ராமானுஜ் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவன் எப்போதும் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறான்.

சட்டென்று இரைச்சல் அடங்கியது. குடை தாழ்ந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிலும் இருந்தவர்கள் குடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வத்ஸலா மட்டும் கண்ணை இறக்கி நேராகப் போனைப் பார்த்தாள். அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ராமா, இப்போ அங்கே வந்துட்டார்டா. சேவிச்சுக்கோ."

அவன் போனைப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கை கூப்பினான். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கவில்லை. துடைத்தால் அந்த ஒரு கணம் போய்விடும்.

ஜனங்களின் குரல் எழுந்தது. குடை உயர்ந்துவிட்டது.

"நன்னா தெரிஞ்சாராடா?" என்று வத்ஸலா போனைக் காதில் அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"தெரிஞ்சார்ம்மா."

"பக்கத்துலேயா?"

"ரொம்பப் பக்கத்துலேம்மா."

அவன் உள்ளே திரும்பியபோது ஹெலன் அவன் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்று முடிவானது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இதற்குத்தானா போகாமல் இருந்தோம் என்ற கேள்வியை அவனால் விழுங்க முடியவில்லை.

சாயங்காலம் பழனி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"சார், கூட்டத்துல என்னை இழுத்துக்கினு பூட்டாங்க. முண்டிக்கினு திரும்பி வந்து பார்த்தா, போன்ல அம்மா மூஞ்சி தெரியுது. பெருமாள் உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே சார்! அடுத்த வருஷம் அம்மா கையைப் புடிச்சுக்கினே நிக்கிறேன். நானே திருப்பி உடுறேன்."

"அம்மாகிட்டே சொல்லிட்டியா பழனி?"

"இன்னும் இல்ல சார்."

"சொல்லாதே. அடுத்த வருஷம் நான் வந்துடுவேன். ஒருவேளை வர முடியலேன்னா, போனை இதே மாதிரி அம்மா கையிலே கொடு. திருப்பாதே."